ஹிஸ்டீரியா படமா, இன் தி நெக்ஸ்ட் ரூம் நாடகமா?

விக்டோரியா காலத்தில் பெண்களின் தூக்கமின்மை, எரிச்சல், ஆசை என எல்லாவற்றுக்கும் ‘ஹிஸ்டீரியா’ என்று ஒரே பெயர் சூட்டினார்கள். அதைக் காதலும் சிரிப்புமாகச் சொல்லும் இந்த இரண்டில் எதை முதலில் எடுப்பது?

களம்:
படம் (2011): 1880களின் லண்டன்.
நாடகம் (2009): அதே காலம், நியூயார்க் அருகே ஒரு மருத்துவரின் வீடு.

காதல்:
படம்: டாக்டர் கிரான்வில்லுக்கும், ஏழைகளுக்காக விடுதி நடத்தும் சார்லட்டுக்கும் மோதலில் பிறக்கும் காதல். கலகலப்பு.
நாடகம்: கணவன் மனைவிக்குள். அவர் பக்கத்து அறையில் மின்கருவியால் நோயாளிகளுக்குச் சிகிச்சை தருகிறார்; மனைவி கேத்தரின் கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பால் போதவில்லை. அதனால், சொந்தக் குழந்தையைப் பறிகொடுத்த எலிசபெத் இந்தக் குழந்தைக்குப் பாலூட்ட வருகிறாள். அந்த இரண்டு தாய்மார்களும் பேசும் இடங்கள் நெஞ்சை உலுக்கும்.

மருத்துவம்: இதில் படம் ஒருபடி மேல். கிருமி என்று ஒன்று இருக்கிறது என வாதிட்டதற்கே கிரான்வில்லுக்கு வேலை போகிறது. அப்புறம் நீதிமன்றத்தில், எதிர்த்துப் பேசிய சார்லட்டின் கருப்பையை அகற்றிவிடலாமா என்று ஆண்கள் கூடி விவாதிக்கிறார்கள். கோபம் வரும், வரட்டும்.

வரலாறு: இரண்டிலும் ஹிஸ்டீரியாவுக்குச் சிகிச்சையாக ஒரு மின் அதிர்வுக் கருவி வருகிறது; அங்கே கவனம் தேவை. நிஜ கிரான்வில் தசைவலி, நரம்புவலிக்காகவே அந்தக் கருவியைச் செய்தார். பெண்களுக்கு அதைப் பயன்படுத்துவதைத் தவிர்த்ததாக 1883இல் அவரே எழுதினார்.

எளிமை: படத்துக்கு ஒரு மாலை போதும். நாடகத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

நண்பர்களோடு பார்க்கப் படம். கல்யாணமானவர்கள் சேர்ந்து பேச நாடகம். எனக்கு நாடகம்தான் ஒசத்தி.