மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள், பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள்

சென்ற ஜனவரியில் சென்னை ரிச்சி தெருவில் 4,300 ரூபாய் கொடுத்து ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். கடையில் நான் தட்டிப் பார்த்தது ஒன்று, பெட்டியில் போட்டுக் கொடுத்தது வேறொன்று. பணம் போனதைக்கூட விடலாம். அந்தக் கீபோர்டில் நான் அடித்துக்கொண்டிருந்தது எண்பது வயதுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு. அதில் பல சொற்கள் எனக்கே தெரியாமல் வேறு சொற்களாக மாறிப்போயின. தமிழில் டைப் செய்கிறவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

எனக்கு விருதுநகர். வீட்டிலிருந்தே டி.டி.பி வேலை. எழுத்தாளர்கள் கையெழுத்தில் தருவதை அடித்து, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்புவேன். மாலையில் இரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி கணக்கும் போடுகிறேன். அதனால் வலது பக்கம் எண்கள் உள்ள முழு அளவுக் கீபோர்டு, அதாவது 104 விசை உள்ளது, எனக்குக் கட்டாயம் வேண்டும். எண் பகுதி இல்லாத 87 விசைக் கீபோர்டு கேம் ஆடுகிறவர்களுக்கு நல்லது, மவுஸ் நகர்த்த இடம் கிடைக்கும் என்று மகன் சொன்னான். ஆனால் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். பகலில் நான், இரவில் அவன். பில் தொகையை மேல் வரிசை எண்களில் அடித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனி ஸ்விட்ச் இருக்கும், அதன் வகையை நிறத்தின் பெயரால் சொல்வார்கள். ஸ்விட்ச் விஷயத்திலும் இப்படித்தான் பேசி முடிவெடுத்தோம். புளூ வேண்டாம், ஒவ்வொரு தட்டுக்கும் டிக் டிக்கென்று சத்தம், பக்கத்து அறையில் அம்மா தூங்குவார். டைப்பிங்குக்கு பிரவுன்தான் என்று பலரும் சொல்வார்கள். பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலில் படும், எழுத்து விழுந்தது தெரியும். மகனுக்கு அந்த மேடே பிடிக்கவில்லை. ரெட் ஸ்விட்ச் நேராக வழுக்கி இறங்கும், 45 கிராம் அழுத்தம் போதும், 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். ஒரு நண்பர் வீட்டில் அடித்துப் பார்த்தபோது என் விரலுக்கும் அது ஒத்துவந்தது. சரி, ரெட் என்று முடிவானது.

நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போயிருந்தபோது ஒரு மதியம் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் ஒரு டெமோ கீபோர்டை எடுத்து வைத்தார்கள். விற்பனையாளர் புல்லர் என்ற சின்னக் கருவியால் ஒரு விசை மூடியைக் கழற்றிக் காட்டினார். ஸ்விட்ச் கூட்டின் மேல் கேட்ரான் என்ற ஸ்விட்ச் நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருந்தது. அந்த ஸ்விட்சையும் பிடுங்கிக் காட்டி, "ஹாட் ஸ்வாப் சார். ஒண்ணு போச்சுன்னா நீங்களே மாத்திக்கலாம், சால்டரிங் வேண்டாம்" என்றார். மூடிகள் பி.பி.டி பிளாஸ்டிக், வழவழப்பாகாது என்றும் சொன்னார். ஸ்பேஸ் பாரை ஓரத்தில் தட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. எண் பகுதியின் பெரிய என்டர், பெரிய சைபர் எல்லாமே உறுதியாக இருந்தன. எனக்குத் திருப்தி.

உள்ளேயிருந்து சீல் பிரிக்காத பெட்டி வந்தது. வெளியே அதே படம், அதே மாடல் பெயர். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சீல் பிரிச்சா ரிட்டர்ன் ஆகாது சார்" என்றார். பில் கேட்டபோது, பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி, கடைப் பெயர்கூட இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "ஏழு நாள் ரீப்ளேஸ்மெண்ட், ஒரு வருஷம் வாரண்டி" என்று வாயால் சொன்னார். யு.பி.ஐ-யில் பணம் அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் செருகியதும் விளக்கெல்லாம் எரிந்தது. மூடியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. முதலில் குறை சொன்னவன் மகன். மைன்கிராஃப்ட் கேமில் ஆங்கில இ (E) விசையை அழுத்தினால் சாமான் பெட்டி திறந்து, உடனே தானாக மூடிக்கொள்கிறது என்றான். அவன்தான் இரண்டு தடவை தட்டுகிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னது சரி. அதைக் கேம் ஆடுகிறவர்கள் சாட்டரிங் என்கிறார்கள்.

எந்த ஸ்விட்சிலும் உள்ளே இரண்டு உலோகத் தகடு தொடும்போது ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் துள்ளும். நல்ல ஸ்விட்சில் அந்தத் துள்ளல் 5 மில்லிசெகண்டுக்குள் அடங்கும், கீபோர்டின் சிப் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தகடு மட்டமாக இருந்தால் துள்ளல் நீளும். சிப் அதை இன்னொரு அழுத்தமாக எண்ணிவிடும். ஒருமுறை தட்டினால் எழுத்து இரண்டாக விழும்.

ஆங்கிலத்தில் அடித்தால் இது உடனே கண்ணில் படும், சொல்லின் கீழே சிவப்புக் கோடு விழும். நான் அடிப்பது தமிழ்99. 1999-ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ் விசை அமைப்பு. அதில் ஒரு மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். க, க என்று தட்டினால் க்க. இத்தனை வருஷமாக என் விரல்களுக்கு வேகம் கொடுத்ததே அந்த வசதிதான். இப்போது யோசித்துப் பாருங்கள். ஆங்கில எல் (L) விசையில் த இருக்கிறது, ஓ (O) விசையில் ட இருக்கிறது. இந்த இரண்டு ஸ்விட்சும் துள்ள ஆரம்பித்தால் 'கதை' கத்தை ஆகும். 'படம்' பட்டம் ஆகும். 'கடை' கட்டை, 'பாதி' பாத்தி, 'வீடு' வீட்டு. எல்லாமே சரியான தமிழ்ச் சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. எனக்குக் கண் எப்போதும் கையெழுத்துத் தாளில்தான் இருக்கும், திரையில் இருக்காது. தினமும் இருபது பக்கம் அப்படியே ஓடியது.

140 பக்கம் ஆனதும் பெரியவருக்குப் படி எடுத்து அனுப்பினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், விவசாயக் குடும்பம். பஞ்ச காலத்தில் அவர் அப்பா வீட்டிலிருந்த எல்லாவற்றையும் விற்றார், விதை நெல்லை மட்டும் தொடவில்லை என்று ஓர் அத்தியாயம் உண்டு. மறுநாள் காலை போன் செய்தார்.

"தம்பி, விதை நெல்லுன்னு எழுதியிருந்தேன். நீங்க வித்தை நெல்லுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு பக்கம் தள்ளி மறுபடியும் வித்தை. என் கையெழுத்து புரியலையா?"

என் மேல் தவறு இருக்கும் என்று நினைக்காமல், தன் கையெழுத்தைக் குறை சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை.

அன்று மாலை நோட்பேடைத் திறந்து, எல் விசையை நிதானமாக 20 முறை தட்டினேன். 27 எழுத்து விழுந்தது. ஓ விசையில் 24. இ விசையும் அப்படித்தான். பிறகுதான் மூடியைக் கழற்றினேன். உள்ளே சிவப்புத் தண்டு இருந்தது, கூட்டின் மேல் எந்தப் பெயரும் இல்லை. டெமோவில் செய்ததுபோல ஸ்விட்சை இடுக்கியால் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. தெரிந்த மொபைல் சர்வீஸ் தம்பியிடம் கொண்டுபோய்ப் பின்பக்கம் திறக்கச் சொன்னேன். ஹாட் ஸ்வாப் சாக்கெட் என்று ஒன்றுகூட இல்லை, ஒவ்வொரு ஸ்விட்சும் போர்டில் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. மூடிகளையும் சோதித்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் கல்லுப்பைக் கரையாமல் நிற்கும்வரை போட்டுக் கலக்கி, ஒரு மூடியைப் போட்டால் பி.பி.டி மூழ்கும், ஏ.பி.எஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் மிதக்கும். என் மூடி, காற்றுக்குமிழி எல்லாம் போன பிறகும், மேலேயே மிதந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயர் பெற்ற ஜெர்மன் செர்ரி ஸ்விட்ச்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செர்ரியின் காப்புரிமை முடிந்தபிறகு கேட்ரான், கைல், ஔடெமு என்று சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்கின்றன, அவற்றை வருஷக்கணக்கில் குறையில்லாமல் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. என் வழக்கு வேறு. காட்டியதைத் தரவில்லை. அவ்வளவுதான்.

வாங்கி 24-வது நாள் கடைக்கு போன் செய்து, வீடியோவும் அனுப்பினேன். "தூசி போயிருக்கும் சார், ப்ளோயர் அடிங்க" என்றார்கள். டெமோவில் கழன்ற ஸ்விட்ச் இதில் ஏன் கழலவில்லை என்று கேட்டதும், "அது பழைய பேட்ச், இது புது பேட்ச்" என்றார்கள். ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டு, சென்னையில் இருக்கும் மைத்துனனைக் கடைக்கு அனுப்பினேன். ஏழு நாள் முடிந்துவிட்டது, பில்லும் இல்லை என்று சொல்லி, அவனை ஒரு மணி நேரம் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கீபோர்டு நிறுவனத்தின் வாரண்டிக்கு முயன்றால், இந்த சீரியல் எண் இந்தியாவுக்கு முறையாக வந்த சரக்கில் இல்லை என்று பதில். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி எதுவும் அதில் அச்சாகவில்லை. வெளிநாட்டுச் சரக்கை இங்கே பெட்டியில் விற்க அவை கட்டாயம் இருக்கவேண்டும்.

பில் இல்லாததால் ஒன்றும் செய்யமுடியாது என்றுதான் நானும் நினைத்தேன். வக்கீல் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராததே நேர்மையற்ற வணிக முறை என்ற வரையறைக்குள் வருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கும் கெடு பில்லிலோ ரசீதிலோ எழுதப்படாவிட்டால் 30 நாள் என்று அதே இடத்தில் இருக்கிறது. வாயால் சொன்ன ஏழு நாள் என் சீட்டில் இல்லை, மைத்துனன் போனது 28-வது நாள். வழக்கையும் கடை இருக்கும் ஊரில்தான் போடவேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். யு.பி.ஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, எஸ்டிமேட் சீட்டு, வீடியோ நான்கையும் கொடுத்தேன். பிறகு கடையிலிருந்தே போன் வந்தது, பாதிப் பணம் தருகிறோம் என்று. முழுதும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போகும்போது டெமோவைப் பார்த்து முடிவெடுங்கள், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் உங்களுக்குத் தரும் பெட்டியை அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்? பிரித்ததும் நான்கைந்து இடத்தில் மூடியைக் கழற்றி, கூட்டின் மேல் உள்ள பெயரைப் பாருங்கள். ஹாட் ஸ்வாப் என்றால் ஒரு ஸ்விட்சையாவது பிடுங்கச் சொல்லுங்கள். எந்த ஸ்விட்செல்லாம் பொருந்தும் என்றும் கேளுங்கள், சில போர்டுகளின் துளையில் மெல்லிய கால் உள்ள ஔடெமு வகை மட்டுமே நுழையும். அப்புறம் கம்ப்யூட்டரில் செருகி, ஒவ்வொரு விசையையும் பத்துப் பத்து முறை தட்டி எண்ணுங்கள். தமிழ்99-ல் அடிப்பவர்கள் த, ட, க, ப, ம விசைகளை இன்னும் அதிகமாகத் தட்டிப் பாருங்கள், நம் விரல் அதிகம் போவது அங்கேதான். 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று பெட்டியில் போட்டிருந்தால் அது மெக்கானிக்கலே இல்லை, உள்ளே ரப்பர் விரிப்புதான் இருக்கும். சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடித்ததாக நினைத்து நான் எத்தனை நாள் அலைந்தேன் என்று மேலே படித்தீர்கள்.

இப்போது மதுரையில் வேறொரு கடையில் வாங்கிய 104 விசைக் கீபோர்டில் இதை அடிக்கிறேன். கடைக்காரரே பெட்டியைப் பிரித்து, ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, அரை மணி நேரம் தட்டிப் பார்க்க விட்டார்.

பெரியவரின் 140 பக்கத்தையும் அவர் கையெழுத்தோடு ஒப்பிட்டு, சொல் சொல்லாக மறுபடி படித்தேன். ஒன்பது நாள் ஆனது. அந்த நாட்களுக்கு அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. புத்தகம் ஏப்ரலில் அச்சுக்குப் போனது. அனுப்புவதற்கு முந்தின இரவு அந்த அத்தியாயத்தை மட்டும் மகனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, நான் கையெழுத்துத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். விதை நெல், எல்லா இடத்திலும் விதை நெல்லாகவே இருந்தது.