படிக்கட்டு விளக்குக்கு மூன்று சுவிட்ச்: இன்டர்மீடியட்டா, ரிலேயா, வைஃபையா?

மூன்று வருடத்துக்கு முன் வீட்டுக்கு மாடி எடுத்தபோது, படிக்கட்டு விளக்கை மூன்று இடத்தில் போட்டு அணைக்க வேண்டும் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். கீழே வாசலில் ஒன்று, முதல் மாடியில் ஒன்று, மொட்டை மாடிக் கதவருகே ஒன்று. இரண்டு இடம் என்றால் பேச்சே இல்லை. கீழே ஒரு டூ வே சுவிட்ச், மேலே ஒரு டூ வே சுவிட்ச், முடிந்தது. மூன்றாவது இடம் வந்ததும்தான் யோசிக்க வேண்டியதாயிற்று.

மூன்று வழிகளில், போனிலிருந்து இயக்கும் வைஃபையை முதலில் தள்ளிவிடுகிறேன். ஹாலில் ஸ்மார்ட் பல்பு ஒன்று எட்டு மாதம் வைத்திருந்தேன். அம்மா பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். அப்புறம் கையில் போனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பல்புக்குப் பதிலாக சுவிட்சையே ஸ்மார்ட்டாகப் போட்டால் இந்தத் தொல்லை இருக்காது, ஆனால் அதை நான் வைத்துப் பார்த்ததில்லை. கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைக்க மனமில்லாதவர்களுக்கு இந்த வழி சரி. எங்களுக்குப் பூச்சு வேலையே தொடங்கியிருக்கவில்லை.

அடுத்தது லாட்சிங் ரிலே. டிபி பெட்டிக்குள், அதாவது வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் பெட்டிக்குள், ரிலே உட்கார்ந்திருக்கும். சின்னத் தட்டு ஒன்று கிடைத்தால் தானே நிலை மாறி அங்கேயே நிற்கும் சுவிட்ச் அது. ஒவ்வொரு இடத்திலும் காலிங் பெல் சுவிட்ச் மாதிரி ஒன்று. ஒரு தட்டு தட்டினால் எரியும், மறுபடி தட்டினால் அணையும். பத்து இடம் என்றாலும் எல்லா பெல் சுவிட்சையும் பேரலலில், அதாவது ஒரே இரண்டு வயரில், கொடுத்தால் போதும். மச்சான் வீட்டு நீள வராந்தாவில் ஐந்து இடத்தில் இப்படித்தான் இருக்கிறது, அழகாக வேலை செய்கிறது. ராத்திரியில் டிபி பெட்டியிலிருந்து வரும் 'டக்' சத்தம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பெல் சுவிட்ச் சிக்கி அமுங்கியே நின்றால் சில ரிலேக்களில் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) சூடாகிவிடும். மச்சான் வீட்டில் பார்த்ததை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன், என் வீட்டில் ஓட்டியதில்லை.

நான் போட்டது பழைய முறை: கீழும் மேலும் டூ வே, நடுவில் இன்டர்மீடியட். டூ வேக்குப் பின்னால் மூன்று திருகு. அதில் ஒன்று காமன்; தட்டும்போது அது மற்ற இரண்டில் ஒன்றை விட்டு இன்னொன்றோடு சேரும். கீழ் சுவிட்சின் காமனுக்கு பேஸ் (மின்சாரம் வரும் வயர்) வருகிறது, மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்குப் போகிறது, இடையில் இரண்டு வயர் ஓடுகின்றன. நான்கு திருகுள்ள இன்டர்மீடியட் அந்த இரண்டு வயரையும் ஒரு தட்டுக்கு நேராகவும் மறு தட்டுக்குக் குறுக்காகவும் மாற்றிக் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

இதை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் போன ஐப்பசி மழை. சுவரில் ஈரம் இறங்கி முதல் மாடி இன்டர்மீடியட் கருகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கடைகளில் டூ வே எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். இன்டர்மீடியட் கேட்டால் 'ஆர்டர் போடணும் சார்' என்பார்கள். வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் படிக்கட்டு இருட்டில் கிடக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் டிபி பெட்டியில் எம்சிபியை (ஆபத்தென்றால் தானே விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, கருகியதைக் கழற்றி, கீழிருந்து வந்த இரண்டு வயரை மேலே போகும் இரண்டோடு கனெக்டரில் சேர்த்தார். பத்து நிமிட வேலை. கீழ் சுவிட்சும் மேல் சுவிட்சும் சாதாரண டூ வேயாக வேலை செய்தன. ஓரத்து டூ வே போனாலும் இப்படித்தான்: அங்கே காமனை இரண்டு வயரில் ஏதாவது ஒன்றோடு சேர்த்துவிட்டால் மற்ற இரண்டு இடமும் பிழைத்துக்கொள்ளும். ரிலே போனால் ஐந்து இடமும் சேர்ந்து போகும்; புது ரிலே வரும்வரை விளக்கு ஒன்று விடிய விடிய எரிய வேண்டும், இல்லை அணைந்தே கிடக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. காமனை மாற்றிக் கொடுத்துவிட்டால் 'கீழே ஒரு பக்கம் இருந்தால்தான் மேலே வேலை செய்கிறது' என்ற வம்பு வரும். எங்களுக்கும் முதல் வாரம் வந்தது. பைப்பில் எல்லாமே சிவப்பு வயராக இருந்ததால் தேடுவதற்கு அரை நாள் போனது. நடுவில் ஓடும் இரண்டுக்கும் வேறு நிறம் கேளுங்கள். வயர் ஓட்டம் நீளமென்றால் எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கலாம்.

இரண்டு இடத்து வேலையில் சிலர் வயரை மிச்சம் பிடிக்க, அந்தந்தத் தளத்து போர்டிலிருந்தே பேஸ், நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்) இரண்டையும் டூ வேக்குக் கொடுத்துவிடுவார்கள். விளக்கு அணைந்திருக்கும்போதே ஹோல்டரின் இரண்டு முனையிலும் பேஸ் நிற்கக்கூடும். அப்படிச் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்து இடம், ஆறு இடம் என்றால் நானும் ரிலேக்குத்தான் போவேன். வரிசையாக மூன்று நான்கு இன்டர்மீடியட் கோப்பது வயருக்கும் கேடு, பொறுமைக்கும் கேடு. மூன்று இடத்துக்கு இதுவே போதும். அந்த ஐப்பசியில் ஆர்டர் போட்டபோது இன்டர்மீடியட் இரண்டாகவே வாங்கிவிட்டேன். ஒன்று சுவரில் இருக்கிறது, இன்னொன்று டிபி பெட்டிக்கு மேல் அலமாரியில்.