நத்தம் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) ஆட்டத்துக்கு: ரயிலும் சைக்கிளுமா, முழுக்க சைக்கிளா?

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் இறங்கியபின் ஆட்டம் நடக்கும் என்பிஆர் கல்லூரி மைதானத்துக்கு இன்னும் 30 கிலோமீட்டர் அளவுக்கு மிதிக்க வேண்டும். ஆனி, ஆடி மேல்காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். திரும்பும்போது முகத்தில் அறையும். சைக்கிளை பார்சல் ஆபீஸில் புக் செய்தால் பெடலைக் கழற்றி, பின்கியருக்கு அட்டை சுற்றுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசை. வலப்புறம் திருப்பினால்தான் கழலும். மூட்டை சாய்ந்தால் முதலில் வளைவது கியரைத் தாங்கும் கொக்கிதான். பிறகு செயின் நழுவிக்கொண்டே இருக்கும். மடக்கு சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மதுரையிலிருந்து நத்தம் சாலையில் நேரே மிதித்தால் ரயிலே வேண்டாம். 7.3 கி.மீ. மேம்பாலத்தில் ஏறாதீர்கள், கீழ்ச்சாலை போதும். எங்கள் ஓட்டு இதற்கே. இரவு ஆட்டம் முடிய பதினொன்றாகிவிடும் என்பதால் முன்விளக்கு, பின்சிவப்பு விளக்கு இரண்டும் முழு சார்ஜில் இருக்கட்டும்.