அடகுக் கடைக்காரர் யார்? – ஆறு சனிக்கிழமை வகுப்பைப் பற்றி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள ஒரு தமிழ்த் திருச்சபையின் கூடத்தில், கிறிஸ்தவ போதனையைப் பற்றி, குறிப்பாக இரட்சிப்பைப் பற்றி, மக்களிடையே உலவும் தவறான கருத்துகளை விளக்குவதற்கென்று ஆறு சனிக்கிழமை மாலைகளில் நடத்தப்பட்ட வகுப்புக்கு என் மனைவியும் நானும் சென்று வந்தோம். கட்டணம் ஒருவருக்கு 40 வெள்ளி. அச்சிட்ட குறிப்பேடும் இடைவேளைத் தேநீரும் அதில் அடக்கம். குறைகளையும் எழுதவிருப்பதால் திருச்சபையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நாங்கள் சென்றதற்கு ஒரு வீட்டுக் காரணம் உண்டு. நான் கத்தோலிக்கன், மனைவி தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1706இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்த ஊர் என்ற பெருமையை அவர் வீட்டார் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. அவர்கள் ‘இரட்சிப்பு’ என்பதை நாங்கள் ‘மீட்பு’ என்கிறோம்; அவர்களுடைய ‘கிருபை’ எங்களுக்கு ‘அருள்’, ‘நிருபம்’ எங்களுக்குத் ‘திருமுகம்’, ‘ஞானஸ்நானம்’ எங்களுக்குத் ‘திருமுழுக்கு’. உங்கள் சபையில் புண்ணியம் செய்தால்தான் மோட்சம் என்று சொல்கிறார்களாமே என்று மாமியார் கேட்பதும், உங்கள் சபையில் நம்பினால் போதும், எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்கிறார்களாமே என்று நான் திருப்பிக் கேட்பதும் ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் எங்கள் வீட்டில் நடக்கிற சடங்கு. இரண்டு கேள்விகளுமே தவறான கருத்தின்மேல் எழுந்தவை என்பது மூன்றாம் வாரத்தில்தான் தெரிந்தது.

முதல் வாரத்தில் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. திரையில் காட்டிய பக்கங்கள் ஆங்கிலக் கையேடு ஒன்றிலிருந்து அப்படியே தமிழாக்கப்பட்டிருந்தன. ஏதேன் தோட்டத்துக் கனி ஆப்பிள் என்று வேதத்தில் இல்லை என்றார்கள். தமிழ் வேதாகமத்தை வாசித்து வளர்ந்தவர் எவரும் அதைக் ‘கனி’ என்றுதான் அறிவார். பணம் எல்லாத் தீமைக்கும் வேர் என்பது பிழை, பண ஆசையே வேர் என்று விளக்கினார்கள். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பிலேயே ‘பண ஆசை’ என்றுதான் இருக்கிறது. ‘தனக்குத் தானே உதவுகிறவனுக்குக் கடவுள் உதவுவார்’ என்பது வேதவசனம் அன்று என்பதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கப்பட்டது. ‘தன் கையே தனக்கு உதவி’ என்னும் நம் பழமொழியைப் பவுல் சொன்னதாக இதுவரை எந்தத் தமிழரும் சாதித்ததில்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிக்கை கொடுக்கவில்லை, காணிக்கைகள்தாம் மூன்று என்பது மட்டும் நமக்குப் பொருந்தியது. மூன்று ராஜாக்கள் திருநாள் கொண்டாடி வளர்ந்த எனக்கு அது சுருக்கென்றும் பட்டது.

இரண்டாம் வாரத்திலிருந்து வகுப்பை வேறொருவர் நடத்தினார். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் திரையை அணைத்துவிட்டு வெண்பலகையில் ‘ஜென்மப் பாவம்’ என்று எழுதி, இந்தச் சொல்லைக் கேட்டவுடன் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். வந்திருந்த ஏறத்தாழ இருபது பேரில் ஐந்தாறு பேர் இந்துக்கள். முற்பிறவியில் செய்த பாவம் என்று அவர்கள் தயங்காமல் சொன்னார்கள். என்னை வியக்க வைத்தது அதுவன்று. பிறந்தது முதல் ஆலயத்துக்குச் செல்லும் கிறிஸ்தவர்களில் சிலரும், பெற்றோர் செய்த பாவம் பிள்ளைகளைப் பிடிப்பது என்றோ, குழந்தை உருவாகும் தாம்பத்திய உறவே பாவம் என்றோ சொன்னதுதான்.

ஆசிரியர் யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தார். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம், இவன் செய்ததோ, இவனைப் பெற்றவர்கள் செய்ததோ என்று கேட்டவர்கள் சீடர்களே. இரண்டுமல்ல என்பதே இயேசுவின் மறுமொழி. கிறிஸ்தவ போதனையில் முற்பிறவி என்ற ஒன்று இல்லை. ஜென்மப் பாவம் என்பது குழந்தை தானாகச் செய்த குற்றமும் அன்று. கடவுளோடிருந்த உறவு முறிந்துபோன மனித குலத்தில் ஒருவராகப் பிறக்கும் நிலை அது. ‘வினை’ என்னும் எண்ணம் ஊறிய மொழியில் ‘ஜென்மம்’ என்னும் சொல்லை வைத்தால் கேட்பவர் காதில் மறுபிறப்பு விழாமல் என்ன செய்யும் என்று அவர் கேட்டார். தவறான கருத்து மனத்தில் பிறப்பதற்கு முன்பே சொல்லில் குடியேறிவிடுகிறது என்பதை இத்தனை தெளிவாக எடுத்துக்காட்டியவர் வேறு எவரையும் நான் கண்டதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கே கட்டணம் தகும்.

மூன்றாம் வாரம் விசுவாசமும் கிரியையும், அதாவது நம்பிக்கையும் செயலும். எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று பவுல் எழுதுகிறார். சைவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளர் எழுந்து, ‘கிரியை’ என்றால் பூசை முதலிய சடங்குகள் என்றே இதுநாள் வரை எண்ணியிருந்ததாகச் சொன்னார். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று கற்றவருக்கு வேறெப்படித் தோன்றும்? ஆசிரியர் அதைப் பிழை என்று ஒதுக்காமல், நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின், கிரியைகள் என்று பவுல் சொல்லும் இடங்களில் விருத்தசேதனம் போன்றவையும் அடங்கும் என்றும், ஆனால் எபேசியரில் ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு என்று சேர்த்திருப்பதால் மனிதர் தம் கணக்கில் வரவு வைக்கக்கூடிய எல்லா நற்செயல்களையும் அது குறிக்கிறது என்றும் விளக்கினார். அடுத்த வசனத்தையே பலர் வாசிப்பதில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே படைக்கப்பட்டோம் என்று பவுல் அங்கே தொடர்கிறார். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் நிருபத்தை, லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1522இல் ‘வைக்கோல் நிருபம்’ என்று எழுதிய செய்தி வந்தபோது மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

குறிப்பேட்டின் பெரும் குறை இந்தப் பகுதியில்தான் வெளிப்பட்டது. கத்தோலிக்கர் கிரியைகளினால் இரட்சிப்பு என்று போதிக்கிறார்கள் என ஒரே வரியில் அச்சிட்டிருந்தார்கள். தவறான கருத்துகளைத் திருத்த வந்த ஏட்டிலேயே ஒரு தவறான கருத்து! நான் கையை உயர்த்தி, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1547இல் வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, கடவுளின் அருளின்றி மனிதர் தம் சொந்தச் செயல்களால் நீதிமான் ஆகலாம் என்பவரைக் கண்டிக்கிறது என்று சொன்னேன். அன்று ஆசிரியரிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அவர் வந்தவுடன் அந்த வரி பிழை என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையின் சாரத்தைத் தமிழில் எழுதிப் படியெடுத்துக் கொடுத்தார். மெதடிஸ்தர்கள் 2006இல் அதனோடு இணைந்தார்கள் என்பதையும் சேர்த்திருந்தார். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால் நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதில் இரு தரப்பும் ஒன்றாக நிற்கின்றன. உத்தரிக்கிற ஸ்தலம் என்பது செத்த பின் கிடைக்கும் இரண்டாம் வாய்ப்பு என்று குறிப்பேட்டில் இருந்ததையும் அதே சூட்டில் திருத்தினார்: கத்தோலிக்கப் போதனையின்படி கடவுளின் அருளில் இறந்தவர்களே அங்கே தூய்மை பெறுகிறார்கள், அவர்கள் விண்ணகம் சேர்வது உறுதி. பிழையைத் திருத்திக்கொள்ளும் ஆசிரியரிடம் துணிந்து பாடம் கேட்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

நான்காம் வாரத்தை நான் மறக்கமாட்டேன். ‘மீட்பு’ என்னும் சொல்லை விளக்க அவர் வெளிநாட்டு உதாரணம் எதையும் தேடவில்லை. சிராங்கூன் சாலையில் இரண்டு எட்டு வைத்தால் ஓர் அடகுக் கடை. நகையை வைக்கிறோம், பணம் கட்டி மீட்கிறோம். மாற்கு பத்தாம் அதிகாரத்தில், அநேகரை மீட்கும்பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்ததாக இயேசு சொல்கிறார்; அதற்குரிய கிரேக்கச் சொல் அடிமையையோ கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் விலையைக் குறிப்பது என்றார். பின்வரிசையில் இருந்த ஒரு பெண், வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்பவர், மெதுவாகக் கேட்டார்: “ஐயா, நகை நாங்கள், விலை இயேசு. அப்படியென்றால் அடகுக் கடைக்காரர் யார்?”

கூடம் சிரித்தது, ஆசிரியர் சிரிக்கவில்லை. திருச்சபை பல நூற்றாண்டுகள் கேட்டுவந்த கேள்வி இது என்றார். விலை சாத்தானுக்குக் கொடுக்கப்பட்டது என்று மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஒரிகன் எழுதினார். திருடனுக்கு விலை கொடுப்பதா என்று நான்காம் நூற்றாண்டில் நசியான்சுஸ் கிரகோரி சினந்தார். பிதாவுக்குக் கொடுக்கப்பட்டது என்றால் அவரிடமா நாம் சிறைப்பட்டிருந்தோம் என்றும் கேட்டார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், சாத்தானுக்கு எந்த உரிமையும் இல்லை, மனிதர் கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மாண்பே நிலுவையில் இருந்தது என்று வேறு வழியில் சென்றார். மீட்பு என்பது ஒரு சித்திரம், அதைக் கணக்குப் புத்தகமாக்கினால் கடவுள் வட்டிக் கடைக்காரராகிவிடுவார் என்று ஆசிரியர் முடித்தார். கோபங்கொண்ட பிதாவை இரக்கமுள்ள மகன் சமாதானப்படுத்தினார் என்று நம்மில் பலர் எண்ணுவதும் இத்தகைய பிழைதான். தேவன் உலகத்தில் அன்புகூர்ந்ததால்தான் மகனைத் தந்தார் என்பதே யோவான் மூன்றாம் அதிகாரத்தின் வரிசை.

ஐந்தாம் வாரம் அவசரக் கோலம். திரித்துவம் (பிதா, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுள்), அவதாரம், அமலோற்பவம் மூன்றையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் திணித்தார்கள். திரித்துவத்தை மும்மூர்த்திகளோடு ஒப்பிடுவதும், கிறிஸ்துவின் மனுஷாவதாரத்தைத் தசாவதாரத்தின் நீட்சியாகக் கொள்வதும் இங்கே மிகப் பரவலானவை; ஒவ்வொன்றுக்கும் தனி வாரம் கொடுத்திருக்க வேண்டும். தோன்றி மறையும் வடிவம் அன்று, ஒரே முறை மனிதராகி என்றைக்கும் மனிதராகவே இருப்பவர் என்னும் வேறுபாட்டை இரண்டே வாக்கியத்தில் சொல்லிக் கடந்தது நியாயமில்லை. அமலோற்பவம் என்பது மரியாள் கன்னியாக இயேசுவைக் கருத்தரித்ததைக் குறிப்பதன்று, மரியாளே தம் தாயின் வயிற்றில் ஜென்மப் பாவமின்றி உருவானதைக் குறிப்பது, 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார் என்பதையாவது சரியாகச் சொன்னார்கள். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்கு ஆண்டுக்கணக்கில் போய்வரும் எனக்கே இந்த வேறுபாடு நாற்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கிறிஸ்தவர் அல்லாதோர் கதி என்ன என்னும் கேள்வியைக் கடைசி வாரத்துக்கு வைத்திருந்தார்கள். பல சமயத்தார் ஒரே மாடியில் வாழும் ஊரில் இதைத் தவிர்க்கவும் முடியாது, விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இதற்குக் கிறிஸ்தவம் ஒரே குரலில் ஒரே பதிலைச் சொல்கிறது என்பதே தவறான கருத்து என்று ஆசிரியர் தொடங்கினார். இயேசுவாலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்னும் அப்போஸ்தலர் நடபடிகளின் வசனத்தை எல்லாச் சபைகளும் ஏற்கின்றன. அவரை அறியாமலே வாழ்ந்தவரை அந்த இரட்சிப்பு சென்றடையுமா என்பதில்தான் பிரிவு. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்கள் மனச்சாட்சியின்படி கடவுளைத் தேடினால் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கூறியது; அறிந்து நம்பாமல் வழியில்லை என்னும் சீர்திருத்தச் சபைகளும் உண்டு. தம் சபையின் நிலைப்பாடு இரண்டாவதற்கு நெருக்கமானது என்பதை அவர் மறைக்கவில்லை. இறந்துபோன தம் தாயைப் பற்றி ஓர் இந்துப் பெண்மணி கேட்டபோது மட்டும், அந்தத் தீர்ப்பு என் கையில் இல்லை, சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்டதையே நானும் கேட்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நழுவல் என்று என் மனைவி கருதுகிறார். எனக்கு அது அடக்கமாகவே பட்டது.

வசதிகளைப் பற்றிச் சொல்வதானால், குளிரூட்டி பின்வரிசையில் இருப்பவரை உறைய வைக்கிறது. ஒரு போர்வை கொண்டு செல்லுங்கள். தேநீர் நன்று, மசால்வடை எட்டரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த இளையர் நால்வர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். பழைய மொழிபெயர்ப்பின் வடசொற்கள் அவர்களுக்கு எட்டவில்லை, ஆங்கிலத்தில் விளக்க எவரும் ஏற்பாடு செய்யவுமில்லை. குறிப்பேட்டை நம்பாமல் பழைய மொழிபெயர்ப்பையும் 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பையும் சேர்த்து எடுத்துச் செல்வது நல்லது. பழையதில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்றிருப்பது புதியதில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்றிருக்கும்; ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல் இரண்டு ஏடுகளில் இரண்டு பொருளில் வருவதை அறியாமல் நானும் மாமியாரும் எத்தனை ஆண்டுகள் சண்டையிட்டோம்!

அடுத்த சுற்றுக்கு மாமியார் பெயரையும் பதிந்திருக்கிறோம். முதல் வாரத்துக்கு வர வேண்டாம் அத்தை, இரண்டாம் வாரத்திலிருந்து வந்தால் போதும் என்றேன். 40 வெள்ளி கட்டிவிட்டு ஒரு வாரத்தை விடுவதா மாப்பிள்ளை என்று கேட்கிறார்.