எட்டு வரிசையா, பதினாறா? தமிழுக்குத் தோதான பிக்சல் எழுத்துரு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணத்தில் பிக்சல் எழுத்துக்கு, அதாவது சிறு கட்டங்களை நிரப்பி வரையும் எழுத்துக்கு, மூன்று வேலைகள்: கோயில் வாசலில் ஓடும் எல்இடி பலகை, மளிகைக்கடை ரசீது, காற்பந்துக் குழுவின் டீ-சட்டை. மூன்றுக்கும் ஒரே எழுத்துரு போதும் என்று இறங்கினால் தமிழ் காலை வாரிவிடும்.

சட்டைக்கு ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ எழுத்துருதான். பழைய நாம்கோ விளையாட்டு எந்திரங்களின் எழுத்தைத் தழுவிய 8×8 கட்டம். முதுகு எண்ணும் மலாய்ப் பெயரும் கச்சிதமாக உட்காரும். 8, 16, 24 என மடங்கிலேயே பெரிதாக்குங்கள். 20-இல் வைத்தால் சில கட்டம் தடிக்கும், சில மெலியும். அச்சகத்துக்கு ஜேபெக் அனுப்பினால் விளிம்பு கலங்கும், பிஎன்ஜி அனுப்புங்கள்.

அதில் தமிழ் கிடையாது. 8 வரிசையில் நாமே வரைந்தாலும் தேறாது. மேலே புள்ளிக்கு ஒன்று, அதன் கீழே இடைவெளி ஒன்று, ‘கு’, ‘ழு’ கீழிறங்க இரண்டு போனால் எழுத்தின் உடலுக்கு நான்கே வரிசை. சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

இனி பலகை. ‘பி10’ என்ற வகை எல்இடி பலகை ஒன்றில் அகலவாக்கில் 32, உயரவாக்கில் 16 விளக்கு. இதற்கு மூன்று வழி.

வழக்கமான எழுத்துருவைச் சுருக்குவது முதல் வழி. மலேசியரான முத்து நெடுமாறனின் ‘இணைமதி’ திரையில் அழகுதான். 16 வரிசைக்குச் சுருக்கினால் விளிம்பு சாம்பல் நிறமாகும். எரி, அணை தவிர வேறு அறியாத பலகையில் மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒரே திட்டுதான்.

இரண்டாவது வழி ‘யூனிஃபாண்ட்’ எழுத்துரு. 16 வரிசையிலேயே வரைந்தது, இலவசம், தமிழும் உண்டு. கோளாறு இரண்டு இடத்தில்: எழுத்துருவில் ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம்தான், ‘கு’ போன்ற சேர்ந்த வடிவங்கள் இல்லை; மற்றது பலகையின் கட்டுப்பாட்டுக் கருவி. மலிவான கருவி குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கும்: ‘கே’ என்றால் இரட்டைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கு’ ஒட்டாது. வரியைக் கணினியில் கறுப்பு-வெள்ளைப் படமாக்கி, வரிசையையும் ‘கு’ போன்றவற்றையும் கையால் திருத்தி, படமாகவே ஏற்ற வேண்டும்.

மூன்றாவது வழி, நேரம் இருந்தால் சொந்தமாக வரைவது. அதுவே மேல். 247-ம் வேண்டாம்: உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர ஊகார வடிவங்கள் 36, துணை எழுத்துகள் 6, புள்ளி 1, ‘டி’, ‘டீ’ 2. மொத்தம் 76. மேலே 3 வரிசை, உடலுக்கு 9, கீழே 4 என்று பிரியுங்கள். புள்ளியை 2×2 ஆக வையுங்கள். ஒற்றை விளக்கு தூரத்தில் தெரியாது. ‘ண’வை முதலில் வரையுங்கள். ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு விளக்காவது இருட்டாக இருக்க அகலவாக்கில் 12, 13 விளக்கு பிடிக்கும். அதற்கு இடம் விட்டால் மற்றவை அடங்கும்.

ரசீதுக்கும் இதே எழுத்துதான், ஆனால் இருமடங்கில். 58 மிமீ தாளில் வரிக்கு 384 அச்சுப்புள்ளி, மில்லிமீட்டருக்கு 8. எனவே 16 வரிசை எழுத்து 2 மிமீதான். பெரியவர்களுக்குக் கண்ணாடி போட்டாலும் எட்டாது. 4 மிமீ ஆக்கினால் வரிக்குச் சுமார் 12 எழுத்து. ‘துவரம்பருப்பு’ அடங்கும், விலையை அடுத்த வரிக்குத் தள்ளுங்கள்.

76-க்கு மேல் ‘ஜ’, ‘ஸ’, ‘ஷ’, ‘ஹ’ வேண்டும். சாலையைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘ஜாலான்’ இல்லாமல் முகவரி ஏது? ‘ஸ்ரீ’யையும் விட்டுவிடாதீர்கள். பலகை எரிந்த முதல் மாலையே கோயில் தலைவர் கேட்பார்.