சுதா மூர்த்தியின் ‘த்ரீ தவுசண்ட் ஸ்டிச்சஸ்’: இரண்டாவது கட்டுரைக்காகவே வாங்கலாம்

மகளுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்த வாரம் இந்தப் புத்தகத்தை வாங்கினேன். கொடுப்பதற்கு முன்னால் நாலு பக்கம் புரட்டலாம் என்று உட்கார்ந்தவள், ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் கீழே வைத்தேன். 2017ல் பென்குயின் போட்ட புத்தகம். பதினொரு கட்டுரைகள், இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கிலம்தான், ஆனால் பயப்பட வேண்டாம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்த எனக்கே ஒரு வார்த்தைக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை.

சுதா மூர்த்தி என்றதும் எல்லோரும் சொல்வது அந்த போஸ்ட்கார்டு கதையைத்தான். 1974ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) எம்.இ. முடிக்கும் சமயம், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று டாடா குழுமத்தின் லாரி கம்பெனியான டெல்கோ விளம்பரம் போட்டிருந்ததைப் பார்த்து ஜே.ஆர்.டி. டாடாவுக்கே அஞ்சலட்டை எழுதியது, புனேவில் இன்டர்வியூ, அப்புறம் அந்தத் தொழிற்கூடத்தின் முதல் பெண் இன்ஜினியர் ஆனது. அடுத்ததாகச் சொல்வது, 1981ல் கணவர் நாராயண மூர்த்தி இன்ஃபோசிஸ் மென்பொருள் நிறுவனம் தொடங்க இவர் கொடுத்த பத்தாயிரம் ரூபாய். இரண்டும் நல்ல கதைகள்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கர்நாடகாவின் ஹூப்ளியில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. இந்தப் புத்தகத்தின் இரண்டாவது கட்டுரை அதுதான்.

1968. பி.வி.பி. காலேஜ், எலக்ட்ரிக்கல். வகுப்பு முழுக்கப் பையன்கள், நடுவில் இவர் ஒருவர். வீட்டில் பாட்டிக்கு, இன்ஜினியரிங் படித்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கவலை. சேர்க்கும்போதே பிரின்சிபால் நிபந்தனை போடுகிறார்: புடவைதான் கட்ட வேண்டும், கேண்டீன் பக்கம் போகக் கூடாது, பையன்களோடு பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். ஆனால் அந்தக் காலேஜில் பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது. வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டுதான் படித்தார். அப்படிப் படித்துத்தான் முதலிடம் வாங்கினார்.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். நானும் எலக்ட்ரிக்கல்தான். வேலையில் சேர்ந்த புதிதில் ஊருக்கு வெளியே ஒரு சப்ஸ்டேஷனில் போட்டார்கள். கண்ட்ரோல் ரூம், பேட்டரி ரூம், யார்டு எல்லாம் இருந்தது. கழிப்பறை என்று இருந்ததற்குக் கதவு இல்லை. எழுதிக் கொடுத்தேன். லாக்புக்கில் மணிக்கொரு தரம் ரீடிங் எழுதுகிற கையாலேயே மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வேன். மே மாதத்தில் யார்டுக்குள் ஒரு சுற்று வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்போதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவேன், விழுங்க மாட்டேன். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா கூப்பிட்டு, “ஏம் பாப்பா, மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு?” என்று கேட்டது. சொன்னேன். அன்றிலிருந்து தன் வீட்டுச் சாவியை வேலிக் கம்பியில் எனக்காக மாட்டி வைத்துவிட்டுப் போகும். மாற்றல் வரும்வரை அந்தச் சாவிதான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடிய விஷயமாகவே நினைக்கவில்லை. இவ்வளவு பெரிய இடத்துக்குப் போன ஒருவர் அதைக் கூச்சமில்லாமல் அச்சில் எழுதியிருக்கிறார். 1996ல் தொடங்கிய இன்ஃபோசிஸ் அறக்கட்டளை மூலம் பின்னாளில் ஆயிரக்கணக்கில் கழிப்பறை கட்டினாரே, அதன் அஸ்திவாரம் இங்கே இருக்கிறது. எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, அந்த லேபையும் ஒர்க்‌ஷாப்பையும் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம். முதன்முதலாக மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போது வயிற்றுக்குள் ஒரு பயமும் சந்தோஷமும் சேர்ந்து வருமே, அதை அவர் எழுதிப் படிக்க ஆசையாக இருக்கிறது.

தலைப்புக் கட்டுரை தேவதாசிப் பெண்களைப் பற்றியது. உதவி செய்யப் போன முதல் தடவை செருப்பு வந்து விழுகிறது. அடுத்த தடவை தக்காளி. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் உன்னை யார் தங்களில் ஒருத்தியாக நினைப்பார்கள் என்று டாக்டரான அப்பா சொல்ல, புடவை, பொட்டு, தாலி, வளையலோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறார். பல வருஷம் கழித்து, அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வந்த மூவாயிரம் பெண்கள் ஆளுக்கொரு தையல் போட்டு ஒரு விரிப்பு கொடுக்கிறார்கள். தான் தோற்ற நாட்களை அவர் மறைக்கவில்லை, அதுதான் இந்தக் கட்டுரையின் பலம். ஆனாலும் அந்தப் பெண்களின் குரல் இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டும். ஒருத்தியாவது அந்த முடிவை எடுத்த ராத்திரியைத் தன் வாயால் சொல்லியிருந்தால் கட்டுரை வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

மற்றவற்றில் ஹீத்ரூ விமான நிலையக் கட்டுரையை விடாதீர்கள். சல்வார் கமீஸில் நிற்பவரைப் பார்த்து, இது பிசினஸ் கிளாஸ் வரிசை, உன் இடம் அங்கே என்று ஒரு பெண் சொல்கிறார். படிக்கும்போது காது சூடாகிவிட்டது. அப்பாவின் டாக்டர் வாழ்க்கையிலிருந்து எழுதிய கட்டுரையும் அருமை. மிளகாயும் தக்காளியும் எந்த நாட்டிலிருந்து வந்தன என்று சொல்லும் கட்டுரை பாடப் புத்தகம் போல இருக்கிறது. இந்தி சினிமா பற்றியதை நான் வேகமாகத் தள்ளிவிட்டேன்.

யாருக்கு வாங்கலாம்? இன்ஜினியரிங் சேரும் பெண்ணுக்கு, கண்ணை மூடிக்கொண்டு. பத்தாவது படிக்கும் பிள்ளைகளும் படிக்கலாம். அவருடைய வாழ்க்கை முழுவதையும் வரிசையாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இது போதாது. 2006ல் பத்மஸ்ரீ, 2023ல் பத்ம பூஷண், 2024ல் மாநிலங்களவை என்று போகும் கதை இதில் கிடைக்காது.

புத்தகம் ஹாஸ்டலுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து மகள் போன் செய்தாள். “அம்மா, ரெண்டாவது கட்டுரை படிச்சேன். உனக்கும் இப்படி இருந்துச்சா?” என்று கேட்டாள். அந்த ஆயாவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “இந்த லீவுல அந்த ஆயா வீட்டுக்குப் போலாமா?” என்றாள். தீபாவளி லீவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.