முற்பணமா, மாத பில்லா, கட்டக் கொடுப்பனவா: அரச ஒப்பந்தத்தில் காசு எப்போது கைக்கு வரும்?

திணைக்களத்தோடோ மாநகர சபையோடோ ஒப்பந்தம் செய்யும் சிறு தொண்டு அமைப்புகள் மொத்தத் தொகைக்காக மணிக்கணக்கில் பேசும். கொடுப்பனவு அட்டவணை இருக்கும் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கையெழுத்திடும். பிறகு ஒப்பந்தத் தொகை தாராளமாக இருந்தும் ஐந்தாம் மாதச் சம்பளத்துக்குக் காசில்லாமல் நிற்கும். ஆகவே நான்கு கொடுப்பனவு முறைகளையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு இது. கொழும்பில் ஒரு முதியோர் பகல் நிலையம். ஒப்பந்தம் 24 இலட்சம் ரூபா, ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 மாதம். மாதச் செலவு 3 இலட்சம்: சம்பளமும் வாடகையும் 2, மதிய உணவும் பொருட்களும் 1. பில் கொடுத்து 2 மாதத்தில் பணம் வரும் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பு தன் கையிலிருந்து போட்டு வைக்கவேண்டிய அதிகபட்சத் தொகை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

| முறை | கையிலிருந்து போடவேண்டிய உச்சம் |
|---|---|
| செலவு மீளளிப்பு (செலவழித்த பின் பற்றுச்சீட்டுக் காட்டிப் பெறுவது), 3 மாதத்துக்கு ஒரு தடவை | 15 இலட்சம் |
| கட்டக் கொடுப்பனவு, 20-40-40 வீதம் (தொடக்கத்தில், 4ஆம் மாத இடைக்கால அறிக்கைக்கு, முடிவில்) | 13.2 இலட்சம் |
| மாத பில் | 9 இலட்சம் |
| 20% முற்பணம் + மாத பில், முழு வைப்புப் பிணையோடு | 9 இலட்சம் |

கடைசி வரியைப் பார்த்துப் பலர் நம்பமாட்டார்கள். முற்பணம் 4.8 இலட்சம் முதல் நாளே வருகிறதே, எப்படி ஒன்றும் மிச்சமில்லை? திணைக்களம் முற்பணத்துக்கு வங்கி உத்தரவாதம், அதாவது நீங்கள் தவறினால் அந்தத் தொகையை வங்கி தரும் என்ற பத்திரம், கேட்கும். சொத்தோ கடன் வரலாறோ இல்லாத அமைப்பிடம் வங்கி அதே 4.8 இலட்சத்தை நிலையான வைப்பாக முடக்கச் சொல்லும். திணைக்களம் தந்த பணம் ஒரு கணக்கில், உங்கள் பணம் இன்னொரு கணக்கில் பூட்டிக்கிடக்கும். ஒவ்வொரு மாத பில்லிலும் 20 வீதம் முற்பணத்துக்காகக் கழிக்கப்படும். கழிபட்ட அளவுக்கு உத்தரவாதத்தையும் வைப்பையும் வங்கி குறைத்துக்கொண்டே வந்தால் உச்சம் சரியாக 9 இலட்சத்தில் நிற்கும், மாத பில் முறையைப் போலவே. குறைக்காமல் கடைசிவரை முழு வைப்பையும் பிடித்து வைத்தால் 12 இலட்சமாக ஏறும். வங்கிக் கமிஷன் வேறு.

முற்பணம் பயன் தருவது வங்கி பகுதி வைப்போடு உத்தரவாதம் தரும்போதுதான். 25 வீத வைப்பு, அதாவது 1.2 இலட்சம் மட்டும் கேட்டால், மூன்றாம் மாத முடிவில் தேவை 5.4 இலட்சம்தான், அந்த வைப்பைக் குறைக்காவிட்டால் எட்டாம் மாதம் அது 8.4 ஆகும். ஆகவே முற்பணம் கேட்குமுன் வங்கி முகாமையாளரிடம் இரண்டு கேள்வி: வைப்பு எத்தனை வீதம்? கழிபடக் கழிபட உத்தரவாதத் தொகை குறையுமா? இரண்டாவதற்கு உத்தரவாதப் பத்திரத்திலேயே ஒரு வரி வேண்டும். திணைக்களத்தின் மாதிரிப் பத்திரத்தில் அது இல்லாவிட்டால் கையெழுத்துக்கு முன்னரே சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

மீளளிப்பு முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையில் 15 இலட்சம் இல்லாத அமைப்பு அதில் இறங்கவே கூடாது. பணம் தவிர இன்னொரு தொல்லை பற்றுச்சீட்டு. பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறி வாங்கினால் முத்திரை குத்திய சீட்டு யார் தருவார்? மூலச்சீட்டு இல்லாத ஒவ்வொரு வரியையும் கணக்குப் பிரிவு வெட்டும். வெட்டுக்கு விளக்கம் கேட்டால் முழு பில்லும் திரும்பி வரும்.

கட்டக் கொடுப்பனவு ஆய்வு, பயிற்சி போன்ற முடிவுள்ள வேலைக்குப் பொருந்தும். தினமும் சோறு போடும் நிலையத்துக்குப் பொருந்தாது. 'இடைக்கால அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டதும்' என்று ஒப்பந்தம் சொன்னால், யார் ஏற்பது, எத்தனை நாளுக்குள் என்பதும் அங்கேயே எழுதப்பட வேண்டும். அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனால் அறிக்கை மேசையில் தூங்கும், சம்பள நாள் தூங்காது. '14 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும்' என்ற வாசகத்தைக் கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் அதன் பெறுமதி பெரிது.

பகல் நிலையம் போன்ற வேலைக்கு எங்கள் தெரிவு மாத பில், அதுவும் இரண்டு பகுதியாக. சம்பளம், வாடகை 2 இலட்சம் மாறாத மாதக் கட்டணம். உணவுக்கு ஒரு முதியவருக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்ற அலகு விலை. அலகு விலையில் பற்றுச்சீட்டுத் தொல்லை ஒழிகிறது. கையொப்பமிட்ட வரவுப் பதிவேடே போதும். முழுத்தொகையையும் அலகு விலையாக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். வெசாக் வாரத்திலும் அடைமழையிலும் வரவு பாதியாகும், சமையற்காரரின் சம்பளம் பாதியாகாது.

அந்தச் சம்பளத்தோடு ஒட்டி வருவது ஊழியர் சேமலாப நிதி. தொழில்தருநரின் 12 வீதம், ஊழியரின் 8 வீதம், மேலாக ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்டவேண்டும். 'திணைக்களம் இன்னும் காசு தரவில்லை' என்பது அங்கே செல்லாது. சேமலாப நிதிக்கான மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கித் தாமதத்துக்கு ஏற்ப 50 வரை ஏறும். அரசாங்கத்தின் தாமதத்துக்கு நீங்கள் தண்டம் கட்டும் விசித்திரம் இது. ஒதுக்கி வைக்கும் முதல் காசு இதற்காக இருக்கட்டும்.

இனி டிசம்பர். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் செலவழியாத மிச்சம் அதோடு காலாவதி. நவம்பரில் முடியும் நமது ஒப்பந்தத்தில் 20-40-40 முறையென்றால் கடைசி 9.6 இலட்சம் ஜனவரிக்குத் தாண்டிவிடும். மாத பில்லில் ஒக்டோபர், நவம்பர் இரண்டும் சேர்ந்து 6 இலட்சம் மட்டுமே ஆபத்தில். தாண்டிய பில்லைப் புதிய ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்துதான் தேடிக் கொடுக்கவேண்டும், ஜனவரியில் திறைசேரியிலிருந்து கட்டுநிதி, அதாவது திணைக்களத்தின் கொடுப்பனவுகளுக்கான காசு, வந்து சேரவும் நாளாகும். வேலையை செப்டெம்பரில் முடிக்க முடிந்தால் முடியுங்கள். முடியாதென்றால் கடைசித் தவணையை 10 வீதமாகச் சுருக்கப் பேசுங்கள்.

எந்த முறையானாலும் பில் ஒரே பாதையில்தான் போகும்: உங்கள் கோப்பைக் கையாளும் விடய உத்தியோகத்தர், வேலை முடிந்ததென்ற அத்தாட்சி, 'பொது 35' என்ற கொடுப்பனவு வவுச்சர், கணக்காளர். அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்கள் 137, 138, 139 அனுமதி, அத்தாட்சி, கொடுப்பனவு என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. எங்கே நிற்கிறது என்று கேட்கும்போது இந்த மூன்றில் எதில் என்று கேட்டால் தெளிவான பதில் வரும். பில் திரும்புவதற்கான காரணங்கள் அற்பமானவை: வங்கிக் கணக்கின் பெயரும் பதிவுச் சான்றிதழின் பெயரும் ஓரெழுத்து வேறுபடுவது, ஒப்பந்த இலக்கம் விடுபடுவது, வரவுப் பதிவேட்டில் ஒரு நாள் கையொப்பம் இல்லாதது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. ஆனாலும் பில்லோடு சிங்களத்தில் அரைப்பக்கச் சுருக்கம் இணைத்தால் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் நாட்கள் மிச்சம். பில்லின் பிரதியில் கிடைத்த திகதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்காதீர்கள். தாமதத்தைக் கணக்கிட வேறு ஆதாரம் இருக்காது.

இடைவெளியை எதால் நிரப்புவது? நிலையான வைப்புக்கு எதிரான மேலதிகப்பற்றே மேல்; பயன்படுத்திய நாளுக்கு மட்டும் வட்டி. வேறு திட்டத்துக்கென நன்கொடையாளர் தந்த காசைத் திருப்புவது கைக்கு எளிது, கணக்காய்வில் ஆபத்து. நன்கொடையாளரின் எழுத்துச் சம்மதமும் உங்கள் நிர்வாக சபைக் கூட்டத் தீர்மானமும் இல்லாமல் செய்யவேண்டாம்.

இரண்டு மாதம் தாண்டியும் பணம் வராவிட்டால் முதலில் கணக்காளருக்கு, பில் இலக்கமும் முத்திரைத் திகதியும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம். அதன்பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். அமைப்பின் உறுப்பினர் ஒருவர் பிரஜையாகத் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் தீர்மானம் வரவேண்டும். 'ஏன் தரவில்லை' என்று கேட்டால் விளக்கம்தான் வரும். வவுச்சர் எந்தத் திகதியில் தயாரானது, எந்தத் திகதியில் கணக்குப் பிரிவுக்குப் போனது, கட்டுநிதி எப்போது கோரப்பட்டது என்று பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்.